தலைகீழ்க் கேள்விக்குறி என்றால் ந

தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. வீட்டைக் கழுவித் துடைத்து, வேண்டாததையெல்லாம் வாசலில் எடுத்துவைக்கும் வேலையில் அம்மா இறங்கியிருந்தார். 'சூராட் காபார் லாமா', அதாவது பழைய பேப்பர், என்று மலாயில் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரி, பினாங்குத் தீவில் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வாரம் ஒருமுறை வரும். பழைய பேப்பர், துருப்பிடித்த மின்விசிறி, ஓட்டை வாளி எல்லாம் அதில் போகும். ஹால் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "இதையும் போட்டுடலாமா?" என்று அம்மா கேட்டார்.

அப்பா நாளிதழை மடக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதுலதான் என் பைல் எல்லாம் இருக்கு."

"அந்தப் பைலைப் படிக்கவே முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"படிக்க முடியலன்னா தூக்கிப் போட்டுடறதா?"

அன்றைய தேதி 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த நாள். மாதக் கணக்காகவே திரையில் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய சிப் வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5. 2015-இல் தம்பியின் படிப்புக்காக வாங்கியது. பட்டியலில் அதற்கு இடமில்லை.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2015 ஜூலையில் வெளிவந்த ஓர் இயங்குதளத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆதரவு தந்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் இன்னும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். ஆதரவு நின்றால் கணினி மறுநாளே படுத்துவிடாது. வழக்கம்போல ஓடும். ஆனால் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் அப்படியே இருக்கும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, அம்மாவின் சேமநிதி விவரம் எல்லாம் திறந்து பார்க்கிற கணினியை அப்படி விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொம்தார் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். புதிது வாங்கிக்கொள்வதுதான் நல்லது, இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணினியின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். இதற்கு என்ன வந்துவிட்டது? விசை ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. திரையில் ஒரு கோடு விழவில்லை. தளத்துக்குத்தான் காலம் முடிந்தது, இரும்புக்கு முடியவில்லை.

அப்போதுதான் அந்தத் தபால் உறை நினைவுக்கு வந்தது. 2007-இல் நான் மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தை வெளியிடுகிறவர்கள் கேட்பவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் அனுப்பிவைத்த காலம் அது. 2005 முதல் 2011 வரை அப்படி அனுப்பினார்கள். முகவரியைக் கொடுத்தேன். சில வாரம் கழித்து, காசு ஒரு சென் கூட வாங்காமல், வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வீட்டுக்கு வந்தது. அப்பா அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஆங்கிலத்தில் இந்த மென்பொருளுக்கு வைத்த பெயரில் ஒரு குழப்பம் உண்டு. இலவசம் என்பதற்கும் சுதந்திரம் என்பதற்கும் அங்கே 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த வேறுபாட்டை விளக்கி விளக்கியே பல ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிட்டால் போதும். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கட்டு இல்லை என்பதுதான் விஷயம். ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வீட்டுக் கணினிக்காக எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். அன்றும் அது ஒரு வீட்டுக் கணினியின் கதைதான்.

சரி, லினக்ஸ் மின்ட் போடுவது என்று முடிவு செய்தேன். 2006-இல் தொடங்கப்பட்டு, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு வருகிற தளம் அது. நான் எடுத்த 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்குத் திரை அந்நியமாகத் தெரியாது. இடப்பக்க மூலையில் பட்டியல், கீழே பட்டை, வலப்பக்கம் கடிகாரம். அம்மாவுக்கு அது முக்கியம்.

நிறுவும் முன் பெட்டியைத் திறந்து தூசு தட்டலாம் என்று நினைத்தேன். நினைவகம் 4 ஜிபிதான் இருந்தது. இன்னொரு 4 ஜிபி பழையது வாங்கிவைத்திருந்தேன். சுழலும் வட்டுக்குப் பதிலாக, சுழலாத சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி. இரண்டும் சேர்த்து நூற்றைம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. பழைய கணினிக்கு உயிர் கொடுப்பதில் பாதி வேலையை இந்த எஸ்எஸ்டியே செய்துவிடும். எந்த இயங்குதளம் போட்டாலும் இது பொருந்தும்.

சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியைக் கழற்ற நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் முளைகளைத் திருகி மேலே இழுக்க வேண்டும். கழற்றினேன். சிப்புக்கும் விசிறிக்கும் இடையே தடவியிருந்த பசை பத்தாண்டில் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். சாம்பல் நிறம் போகப் போக அடியில் உலோக மூடி பளிச்சென்று வந்தது. அதன் மேல் லேசரில் பொறித்த எழுத்துகள். முதல் வரியில் நிறுவனத்தின் பெயர், அடுத்து மாதிரி எண், வேகம், அதற்குக் கீழே ஐந்தே ஆங்கில எழுத்தில் ஒரு சொல்: மலாய்.

"அம்மா, இங்க வாங்களேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக் குனிந்து பார்த்தார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா 1979-இல், 19 வயதில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தத் தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கியது. முதலமைச்சராக இருந்த லிம் சொங் யூ, வேலையில்லாத் திண்டாட்டத்தில் கிடந்த தீவுக்கு மின்னணுத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை அமைத்ததும் அதே 1972-இல், இங்கேதான். அதைச் சுற்றி இன்னும் பல நிறுவனங்கள் வந்தன. அவற்றில் எதில் அம்மா இருந்தார் என்பது இங்கே தேவையில்லை. மூன்று ஷிப்ட் வேலை. விடியற்காலையில் பேக்டரி பஸ் வரும். தமிழ், மலாய், சீனப் பெண்கள் ஒரே பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் போவார்கள். வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, முன்னால் ஒரு நுண்ணோக்கி.

"தலைமுடியைவிட மெல்லிசா ஒரு தங்கக் கம்பி வரும்," என்றார் அம்மா. "அதை இந்தப் பக்கம் ஒட்டி, வளைச்சு, அந்தப் பக்கம் ஒட்டணும். ஒண்ணு தொட்டுடுச்சுன்னா அந்தப் பீஸ் ரிஜெக்ட். பின்னாடி மிஷின் வந்துடுச்சு. நாங்க டெஸ்ட்டிங்குக்குப் போயிட்டோம்."

அந்தக் கம்பியின் தடிமன் வழக்கமாக 25 மைக்ரான். ஒரு முடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் கணினியில் இருப்பது போன்ற சிப்களில் அந்தக் கம்பியே கிடையாது. சிப்பைக் கவிழ்த்துவைத்து நுண்ணிய உலோகப் பொட்டுகளால் ஒட்டிவிடுகிறார்கள். அம்மாவுக்கு அதுவும் தெரியும். 2015-இல் ஓய்வு பெறும்வரை எல்லா மாற்றத்தையும் கையால் பார்த்தவர்.

மூடியில் 'மலாய்' என்று இருந்தால், சிலிக்கான் எங்கே வார்க்கப்பட்டிருந்தாலும், அதைப் பொருத்திச் சோதித்து அனுப்பியது மலேசியாவில் என்று பொருள். பினாங்காக இருக்கலாம், கூலிமாகவும் இருக்கலாம். அம்மா விரலால் அதைத் தொடவில்லை. தொட்டால் எண்ணெய் ஒட்டும் என்று அவருக்குப் பழக்கம். மூக்கு இடிக்கும் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் அடுப்புல வைக்கிற மாதிரி சூட்டுல வெச்சு ஓட்டிப் பார்ப்பாங்க. அதுல தேறினாத்தான் வெளிய போகும். இது சீக்கிரத்துல போற சாமான் இல்ல," என்றார்.

லாரிக்குப் போடலாமா என்ற பேச்சு அதோடு நின்றது.

நிறுவியதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. மின்ட்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. அதை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினேன். வட்டில் எதையும் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஒலி வருகிறதா, திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுவச் சொன்னேன். தேநீர் ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஓர் இடத்தில் மட்டும் சிக்கியது. வைஃபைக்காகச் செருகியிருந்த சின்ன யுஎஸ்பி கருவியை மின்ட் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதற்கு இயக்கி என்ற சிறு மென்பொருள் வேண்டும். இயக்கி இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்த வட்டத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். வழி எளிது. கைப்பேசியைக் கேபிளில் கணினியோடு இணைத்து, அதன் அமைப்பில் யுஎஸ்பி வழியாக இணையத்தைப் பகிரும் வசதியை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் இயக்கி வந்து இறங்கியது.

அப்புறம் தமிழ். எனக்கு இதுதான் முதல் சோதனை. ஒரு கணினியில் தமிழ் சரியாக வரவில்லை என்றால் அது எங்கள் வீட்டுக் கணினி ஆகாது.

எழுத்துரு பற்றிய கவலை இருக்கவில்லை. நோட்டோ, லோகித் இரண்டும் கிடைத்தன. கூட்டெழுத்து உடையாமல், கொம்பு இடம் மாறாமல் வந்தது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான தமிழ் விசைப்பலகைத் தொகுப்பையும் சேர்த்தேன். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி முறை என்று பட்டியல் நீண்டது. அப்பா முரசு அஞ்சலில் பழகியவர். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசுதான் இங்கே பல தமிழாசிரியர்களைக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்தது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் அந்த வழக்கத்தை எழுபது வயதில் மாற்றச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு ஒலிபெயர்ப்பு முறையைப் போட்டுக்கொடுத்தேன். ஓரிரு எழுத்து இடம் மாறியிருந்தது. ஒரு தாளில் குறித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அம்மா இதுவரை தமிழில் தட்டச்சு செய்ததே இல்லை. பழைய பழக்கம் இல்லாததால் அவருக்குத் தமிழ்99-ஐக் காட்டினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்து எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். நாம் பேசும்போது இரண்டும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி இயங்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, புள்ளியை அது தானே வைத்துக்கொள்வது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். 'ங'வுக்கு அடுத்து 'க', 'ந'வுக்கு அடுத்து 'த' வந்தாலும் அப்படியே. தமிழில் அங்கே பெரும்பாலும் புள்ளிதான் வரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 'அம்மா' என்று எழுத நான்கே தட்டு: ஏ, கே, கே, க்யூ. அம்மா முதலில் தட்டிய சொல் அதுதான். இரண்டாவது 'ம' விழுந்ததும் முதல் 'ம'வின் தலையில் புள்ளி வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் அழித்துவிட்டுத் தட்டினார்.

இனி அப்பாவின் கோப்புகள்.

அப்பா செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 2001 முதல் 2003 வரை, பள்ளி ஆண்டு மலருக்காக, தோட்டத்தில் வாழ்ந்த வயதானவர்களைப் பார்த்துப் பேசி எழுதிவைத்தார். மொத்தம் 42 பேர். மலரில் ஒன்பது பேருடைய பேச்சுக்குத்தான் இடம் கிடைத்தது. மீதி 33 அவருடைய பழைய கணினியிலேயே இருந்தது. அந்தக் கணினி பழுதானபோது கோப்புகளைச் சிடியில் ஏற்றி, பிறகு இந்தக் கணினிக்கு மாற்றினார். திறந்தால் தமிழ் இல்லை. தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள், பின்னக் குறிகள், தலைகீழ்க் கேள்விக்குறிகள். வைரஸ் தின்றுவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா அதை நம்பிவிட்டார். ஆனாலும் ஒரு கோப்பைக்கூட அழிக்கவில்லை.

புதுத் தளத்தில் அந்தக் கோப்புறையை முதல்முறையாக நான் பொறுமையாகத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே ஒரு சொல் கண்ணில் பட்டது. முக்கால் என்பதற்கான பின்னக் குறி, அடுத்து கோடு போட்ட பெரிய ஏ, அடுத்து சென்ட் குறி, கடைசியில் கோடு போட்ட சின்ன யூ. இந்த நான்கையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். மாணவியாக இருந்தபோது தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய பக்கங்களை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். அது 'தமிழ்' என்ற சொல். முக்கால் என்றால் த. சென்ட் குறி என்றால் இகரக் கொக்கி. தலைகீழ்க் கேள்விக்குறி என்றால் ந.

எதுவும் கெட்டுப்போகவில்லை. எழுத்து முறைதான் வேறு. பெயர் திஸ்கி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைச் சரியாகக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி வகுத்துக்கொண்ட முறை திஸ்கி. எழுத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் 256 இடம்தான் இருக்கிறது. முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதியில் தமிழைத் துண்டு துண்டாக அடுக்க வேண்டும். எழுத்துரு கூடவே இருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் அதே எண்களுக்கு ஐரோப்பிய எழுத்து தெரியும். அப்பாவின் பழைய கணினியோடு எழுத்துருவும் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மாற்றிக்கொள்ள ஏதாவது செயலி தேட வேண்டும் என்று நினைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. லினக்ஸ் கணினிகளில் 'ஐகான்வ்' என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஓர் எழுத்து முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அதன் வேலை. அதற்குத் தெரிந்த முறைகளைப் பட்டியலிடச் சொன்னேன். நூற்றுக்கணக்கில் ஓடியது. ஜப்பானிய முறைகள், ரஷ்ய முறைகள், பெரிய கணினிகளின் பழைய முறைகள். கீழே வந்தபோது அங்கே திஸ்கி இருந்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஐகான்வ் குனுவின் சி நூலகத்தோடு வருவது. அந்த நூலகம்தான் இந்தத் தளத்தின் அடிக்கல். ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதற்குள்ளே, 2002-இல், புரூனோ ஹைபிள் என்ற நிரலாளர் திஸ்கிக்கான பகுதியை எழுதிச் சேர்த்திருக்கிறார். மூல நிரலை யாரும் பார்க்கலாம் என்பதால் நானும் திறந்து பார்த்தேன். எளிய வேலை இல்லை அது. திஸ்கியில் 'கொ' என்று எழுத, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் நாம் சொல்கிற வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. எனவே கொம்பு வந்தால் உடனே எழுதிவிடக் கூடாது; கையில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யைப் பார்த்து, அதற்கும் அடுத்து கால் வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் எழுத வேண்டும். நம் எழுத்தின் இந்த நெளிவை உட்கார்ந்து படித்து, பொறுமையாக எழுதி, உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் போகிற நூலகத்தில் வைத்திருக்கிறார். அதே ஆண்டு அப்பா செபராங் பிறையில் கிழவர்களின் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

2007-இல் அப்பா கேட்ட கேள்விக்கு நான் இன்று சொல்கிற பதில் இதுதான். லாபம் பார்த்திருந்தால் திஸ்கியை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஓர் இடைக்கால முறை, அதைப் பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர். சேர்க்கலாம் என்ற வாய்ப்பு திறந்திருந்தது, ஒருவர் சேர்த்தார். இருபது ஆண்டு கழித்து ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரே வரி. எந்த முறையிலிருந்து, எந்த முறைக்கு, எந்தக் கோப்பு. திறந்தேன்.

'அப்ப எல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கே பெரட்டு. கங்காணி பேரு கூப்பிடறப்ப நாம அங்க நிக்கணும். புள்ளைய ஆயாக் கொட்டகையில உட்டுட்டு ஓடணும்.'

அப்பா உரக்கப் படித்தார். பேச்சு வழக்கை அப்படியே எழுதியிருந்தார், திருத்தவில்லை. மூன்றாவது வரியில் நிறுத்தினார். பேசியவரின் பெயரைச் சொன்னார், அவர் எந்த வரிசை வீட்டில் இருந்தார் என்று சொன்னார், பேசும்போது வெற்றிலை இடித்துக்கொண்டே இருந்தார் என்று சொன்னார். அந்த அம்மா இறந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. தோட்டமும் இப்போது இல்லை. நான் மற்ற 32 கோப்புகளையும் ஒரே சுற்றில் மாற்றிமுடித்தேன். அப்பா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி முதல் கோப்பிலிருந்து தொடங்கினார். அன்றைக்குச் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

மூன்று மாதமாகக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி, வருமான வரிக் கணக்கு, அம்மாவின் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலேயே நடக்கின்றன. பழைய பிரிண்டர் அச்சடித்தது, ஆனால் அதன் ஸ்கேனரை எழுப்ப ஒரு மாலை முழுதும் ஆனது. தம்பியின் கடைக்கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை அவன் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு குறிப்பிட்ட மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள், படம் வரைபவர்கள், கட்டட வரைபடக்காரர்கள், அவசரப்பட்டு மாற வேண்டாம். முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் போடுகிற தண்ணீர்ப் பந்தலுக்கான அறிக்கையை அப்பாவின் நண்பர் லதா எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தார். அது விண்டோஸோடு வருகிற எழுத்துரு. இங்கே லிப்ரே ஆபிஸில் திறந்தபோது வேறு எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்து, வரிகள் இடம் மாறி, கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இப்போது பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்கிறோம்.

மலரில் அச்சான ஒன்பது பேச்சுகளின் கோப்புகள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அச்சகம் அவற்றைத் தன்னுடைய சொந்த எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறது. ஐகான்வ் பட்டியலில் அது இல்லை. நல்லவேளையாக மலரின் ஒரு பிரதி அப்பாவிடம் இருக்கிறது. தாள் பழுப்பேறி, ஊசி அடித்த இடத்தில் துரு இறங்கியிருக்கிறது. எனவே அதைப் பார்த்துப் புதிதாக அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். யார் அடிப்பது என்ற கேள்வி வந்தபோது, "நான் அடிக்கிறேன்," என்றார் அம்மா.

இரவு எட்டு மணிக்கு மேல் இருவரும் உட்காருகிறார்கள். அப்பா மலரைக் கையில் வைத்து மெதுவாகச் சொல்கிறார். அம்மா முதுகை நேராக வைத்து, இரண்டு மணிக்கட்டையும் சற்றுத் தூக்கிப் பிடித்து, தலை குனியாமல் தட்டுகிறார். நுண்ணோக்கிக்கு முன்னால் அப்படித்தான் உட்காருவார்களாம். நேற்று மூன்றாவது பேச்சு. "ஆயாக் கொட்டகை," என்றார் அப்பா. அம்மா 'ஆயாக'வை அடித்து, இடக்கைச் சுட்டுவிரலால் 'க'வுக்குப் புள்ளி வைத்தார். ஓர் இடைவெளி விட்டார். 'கொ' வந்தது. அப்புறம் 'ட'வை இரண்டு முறை வேகமாகத் தட்டினார். முதல் 'ட'வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது.